சேவல் மூன்றாம் வகுப்பில் படிக்கிறது

ஹமிசி,
ஞாயிற்றுக்கிழமை பகல்.

என் தாயோடு பிறந்த, எனக்குத் தாய்க்குச் சமமான மாமா வுகுட்சா அவர்களுக்கு மருமகன் லுமடேடே பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், மனைவி ககேஹா, மகள் மிடேவா, பசு, கன்று யாவரும் ஆண்டவர் கிருபையால் நலம். சேவலும் நலம். அது நலமாக இருப்பதால்தான் இந்தக் கடிதத்தையே எழுத வேண்டியிருக்கிறது. அங்கே தங்கள் நலமும், அத்தையின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

போனில் பேசித் தொலைக்கலாமே என்று அத்தை கேட்பார்கள். உங்களுக்கு நான் அடிக்காத போனா? எடுக்கிறீர்கள், 'ம்' என்கிறீர்கள். நான் 'மாமா' என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கம் உங்கள் மாடு கத்துகிற சத்தம்தான் வருகிறது. போனை வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். நேற்று பாதிக் கதையை மாட்டிடம் சொல்லிவிட்டேன். அது பொறுமையாகத்தான் கேட்டது, ஆனாலும் மன்னிக்க வேண்டியது மாடு இல்லையே. ஆகையால் இந்தக் கடிதத்தை மோட்டார் சைக்கிள் இம்புகாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகரக் கூடாதென்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் சனிக்கிழமை நடந்தது நடந்துவிட்டது. சாவகலியிலிருந்து அத்தனை மேடும் ஏறி, முகத்தில் முகமூடியும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக, இந்த நோய்க் காலத்திலும் மருமகனைப் பார்க்க வந்தீர்கள். நான் உங்கள் முன்னால் வைத்தது என்ன? உகாலிக் களி, கொழகொழவென்று முரெண்டா கீரை, நெத்திலிக் கருவாடு. நம் ஜனத்தில் கோழி அடிக்காத வீட்டுக்கு வந்த விருந்தாளி வந்ததாகவே கணக்கில்லை என்பது எனக்குத் தெரியாதா? அதிலும் தாய்மாமன்! இரைப்பையைத் தனித் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்ட வேண்டிய ஆள்! கோழி இல்லாத வீடென்றாலாவது ஒரு சாக்கு இருந்திருக்கும். இந்தப் பாழாய்ப்போன சேவல் நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு சுற்று சுற்றி, உங்கள் செருப்பைக் கொத்திப் பார்த்து, நிலைப்படியில் ஏறி நின்று ஒரு கூவல் வேறு கூவியது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், கீரையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஏன்டா, கோழிக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டீர்கள்.

“நல்லா இருக்கு மாமா.”

“அப்போ எனக்குத்தான் உடம்பு சரியில்லைன்னு பத்தியச் சாப்பாடு போடுறியா?”

நான் பதமாக எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அந்த மிடேவா முந்திக்கொண்டு, “தாத்தா, அதை அடிக்கக் கூடாது. அது என்கூட மூணாங்கிளாஸ் படிக்குது” என்றாள். அதற்கு நீங்கள், “படிச்சு என்ன, நம்ம ஊருக்குச் சீஃபா வரப்போகுதா?” என்று எழுந்தீர்கள் பாருங்கள், கை கழுவவில்லை, டீயைத் தொடவில்லை. அம்மாவின் கல்லறைக்குக் கல் வைக்கிற அன்றைக்கும் இந்த வாசலில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சேவல் உங்களை வேலி வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அந்த மரியாதையாவது இந்த வீட்டில் ஒருவருக்கு இருந்தது என்று ககேஹா இன்றுவரை குத்திக்காட்டுகிறாள்.

மாமா, கோபத்தைக் கொஞ்சம் அந்த வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டு என் பக்க நியாயத்தைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்களா, மூடிய பள்ளிக்கூடம் நேரே என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கடேனி டீச்சர் எங்கள் எல்லோரையும் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாகக் கட்டிப்போட்டுவிட்டார். விடிந்தால் வேலை வந்து விழும். முதலில், வீட்டுக் குப்பையிலிருந்து ஒரு வாத்தியம் செய்ய வேண்டும் என்றார். மிடேவா ஒரு டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் ஒரு வாத்தியமா என்று நான் இறங்கி, தோல் இழுத்துக் கட்டி ஒரு மத்தளமே செய்து போட்டோ அனுப்பினேன். டீச்சர், “நல்லா இருக்கு மிடேவா அப்பா. அடுத்த தடவை பிள்ளையையும் கொஞ்சம் செய்ய விடுங்க” என்று அத்தனை பெற்றோருக்கும் கேட்கிற மாதிரி குரல்பதிவு போட்டார். மானம் கப்பலேறியது.

அடுத்து சோளக்கொல்லை பொம்மை. இந்த முறை நான் கை வைக்கவில்லை, எல்லாம் பிள்ளைதான் செய்தாள். அவள் பொம்மைக்குப் போட்டது என்ன தெரியுமா, என் கல்யாணத்துக்கு நீங்கள் எடுத்துக்கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு. தலையில் என் தொப்பி. நான் நிலையத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற என் வேலைக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டி காலையில் பார்த்தாளாம், மத்தியானம் பார்த்தாளாம், சாயங்காலமும் பார்த்தாளாம். ககேஹா குனிந்து களை வெட்டுகிறாள், லுமடேடே கோட்டுப் போட்டுக்கொண்டு கையை விரித்து நிற்கிறான், அசையவில்லை, பேசவில்லை! நேரே சபைக்கு ஓடியிருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்தால், மூன்று மூப்பர்கள் எனக்காகக் கொல்லை வரப்பில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் யாருக்கோ என்னவோ என்று பின்னால் முழங்காலிட்டு ஆமென் சொன்னேன். பயிரைக் காக்க வைத்த பொம்மை என் பெயரைக் கெடுத்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் சேவல். “பெற்றோர்களே, நல்லாக் கேட்டுக்குங்க. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுல ஒரு உயிரை வளக்கணும், தினம் பாத்து எழுதணும், வாரம் ஒரு போட்டோ. கடைசி வரைக்கும் அதே உயிராத்தான் இருக்கணும். போன வருஷம் ஒருத்தர் வாரா வாரம் வேற வேற முயலைக் காட்டினார். எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும்” என்றார் டீச்சர். வீட்டில் ஒன்பது கோழி மேய்கிறது. பிள்ளை கையை நீட்டிக் காட்டினாளே, அது எதை? குஞ்சிலிருந்தே உங்களுக்கென்று நேர்ந்துவிட்டு, தனியாகத் தீனி போட்டு நான் தேற்றிவைத்திருந்த சேவலை! நெஞ்சை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டதுபோல அது நடக்கிற நடையைப் பார்த்து 'சேர்மன்' என்று பெயரும் வைத்துவிட்டாள். நீங்கள் சபைக் கட்டடக் கமிட்டிக்குச் சேர்மன் என்பது அவளுக்குத் தெரியும். யாரைப் பார்த்து வைத்த பெயர் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

எனக்கென்ன மாமா, கோழி கோழிதான். என் பாட்டுக்கு இருந்திருப்பேன். ஆனால் எடை எழுத வேண்டும் என்றார்கள். தராசு என்னிடம்தானே இருக்கிறது? வெள்ளிக்கிழமைதோறும் சேர்மனைக் கூடையில் வைத்துக் கொழுந்து நிலையத்துக்குக் கொண்டுபோய், விவசாயிகளின் மூட்டைகளுக்கு நடுவே கொக்கியில் மாட்டி நிறுத்தேன். முள் மூன்று கிலோவைத் தாண்டிய அன்றைக்கு வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், கூடையைப் பிடித்திருந்தேன். பிறகு அதற்குச் சளி பிடித்தது. குளிர் படக் கூடாதே என்று அடுப்படியில் படுக்க வைத்து, தொண்டைக்கு வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொடுத்தது நான்தான். பிள்ளைக்குப் பாடம் கெட்டுவிடக் கூடாது பாருங்கள். “மிடேவா பொறந்தப்போ ஒரு நாளாவது இப்படித் தோள்ல போட்டுட்டு நடந்திருப்பீங்களா?” என்று ககேஹா கேட்டாள். பெண்களுக்குப் படிப்பின் அருமை எங்கே தெரிகிறது.

ஒன்று மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். இந்த மிடேவா ஒரு வரி எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிற பிள்ளை. போன வருஷம் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, இவளை இன்னொரு வருஷம் அதே வகுப்பில் வைக்கலாமா என்று கேட்டபோது நான் வெளியே வந்து வாகை மரத்தடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. அவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாள். 'சேர்மன் மழை வருவதற்கு முன்னால் ஒற்றைக் காலில் நிற்கும். சேர்மன் தனக்குக் கிடைத்த புழுவைத் தின்னாமல் கோழிகளைக் கூப்பிடும். ஆனால் சில நாள் சும்மாவும் கூப்பிடும், புழு இருக்காது.' இதை வாசித்துவிட்டு நான் எப்படிக் கத்தியைத் தீட்டுவேன்? சேவலை அடித்தால் பிள்ளை மனசு உடைந்துபோகும், மறுபடி பேனாவைத் தொட மாட்டாள் என்றுதான், அன்றைக்கு உங்கள் முகத்துக்கு முன்னால் அந்தக் கீரையை வைத்தேன். எல்லாம் பிள்ளைக்காக. எனக்காக ஒன்றுமில்லை.

மாமா, அம்மா போன பிறகு எனக்கு அம்மா முகம் என்று ஒன்று மிச்சம் இருப்பது உங்கள் முகத்தில்தான். சிரிக்கும்போது அந்தக் கன்னம் மடிகிற இடம் அப்படியே அம்மாதான். கல் வைக்கிற அன்றைக்கு முதல் வார்த்தை அவளுடைய அண்ணன் வாயிலிருந்து வரவேண்டும். நீங்கள் வராமல் அந்தக் கல்லை நான் நட மாட்டேன். ஊர் என்ன பேசினாலும் சரி, அது சுவரில் சாய்ந்தபடியே கிடக்கட்டும். தயவுபண்ணி மனசு இறங்குங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். முழங்காலுக்குக் ககேஹா எண்ணெய் காய்ச்சி இம்புகாவிடம் கொடுத்திருக்கிறாள். உங்கள் மாட்டுக்கும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள், மீதிக் கதை இதுதான் என்றும் சொல்லுங்கள். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளும், மருமகனைப் பொறுத்துக்கொள்ளும் பலமும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் காலடி மருமகன்,
லுமடேடே

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டப்போகும்போது கடேனி டீச்சரின் குரல்பதிவு வந்தது. “பெற்றோர்களே, உயிர் வளர்ப்புப் பாடம் முடிஞ்சது. கடைசி வேலை இதுதான். வளர்த்தது கறிக்கான உயிரா இருந்தா, அதைச் சமைச்சு வீட்டுப் பெரியவர் ஒருத்தருக்குப் பிள்ளை தன் கையால பரிமாறணும். பெரியவர் சாப்பிடுற போட்டோ வேணும். அவர் என்ன சொன்னார்னும் பிள்ளை எழுதணும்.” பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? மடியில் உட்காரவைத்து, தலையைத் தடவி, “மிடேவா கண்ணு, அழக் கூடாது, சேர்மன் இருக்குல்ல, சேர்மன்...” என்று இழுத்தேன். அவள் போனை என் கையிலிருந்து வாங்கி முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “வுகுட்சா தாத்தா சனிக்கிழமை வருவாரா? இரைப்பை அவருக்கு. ஒரு தொடை எனக்கு. மூணு கிலோ இருக்கே, இன்னொரு தொடை யாருக்குப்பா?” என்றாள். அடுப்படியில் வெங்காயம் இருக்கிறதா என்று பார்க்கவும் போய்விட்டாள்.

ஆகவே சனிக்கிழமை அவசியம் வாருங்கள் மாமா. பிள்ளையின் மார்க்கு உங்கள் வாயில்தான் இருக்கிறது. பசியோடு வாருங்கள், வரும்போது அறுக்க ஒரு ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். எனக்கு அன்றைக்குக் கொழுந்து நிலையத்தில் வேலை இருக்கும், இல்லாவிட்டாலும் இருக்கும். இதை எழுதும்போதும் அது என் கால்மேல்தான் தூங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தொடை ஒன்றும் வேண்டாம், நான் சாயங்காலமாக வந்து கொஞ்சம் முரெண்டா கீரை சாப்பிட்டுக்கொள்கிறேன்.