ஜெனிசிஸ் கட்சிக்காரர்

"அண்ணே, நீங்க எந்தப் பாட்டுன்னு மட்டும் சொல்லிடுங்க. ஸ்பீக்கருக்கு நான் பொறுப்பு" என்றான் பிரவின்குமார்.

விஜயராஜுக்கு டீ தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எந்தப் பாட்டு? எதுக்குப் பாட்டு?"

"ஜோசப் அண்ணன் ரிட்டயர்மென்ட் பார்ட்டிக்குண்ணே. சால்வ, மோதிரம், அதே பேச்சுன்னு எல்லாருக்கும் அலுத்துப் போச்சு. அதான் இந்தத் தடவ ஒங்க ரெண்டு பேரு கேஸயும் முடிச்சிடலாம்னு செக்‌ஷன்ல முடிவு பண்ணியிருக்கோம். அவரு தரப்புல பிங்க் ஃபிளாய்ட் பாட்டு ஒண்ணு, ஒங்க தரப்புல ஜெனிசிஸ் பாட்டு ஒண்ணு. ரெண்டையும் போட்டுக் கேட்டுட்டு ஓட்டுப் போடுறோம்."

விஜயராஜ் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார் பாவம்.

கேஸ் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் இங்கிலாந்தில் பிங்க் ஃபிளாய்ட், ஜெனிசிஸ் என்று சில ராக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டை இருபது நிமிடத்துக்கு இழுப்பார்கள். அதற்குப் புரோகிரஸிவ் ராக் என்று பெயர். அவர்களுக்கும் நெய்வேலிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். இங்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு எந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது பை நிறைய கேசட்டுகளை மரியஜோசப்பிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் சம்பந்தம்.

மரியஜோசப் அப்போது இளைஞர். கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் ஃபிட்டர். அத்தனை கேசட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு ஒருநாள் ஷிஃப்ட் பஸ்ஸில் தீர்ப்புச் சொன்னார். "ஒலகத்துலயே பிங்க் ஃபிளாய்டுதான்யா. அதுக்கப்புறம் எவனும் கெடையாது."

பக்கத்து சீட்டில் விஜயராஜ். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்து பர்மனென்ட் ஆகிச் சில நாள்தான் ஆகியிருந்தது. தன்னைப் பட்டிக்காட்டான் என்று டவுன்ஷிப்காரர்கள் நினைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த காலம். ஜோசப்பின் கையிலிருந்த கேசட்டின் ஓரத்தில் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஜெனிசிஸ்தான் பெஸ்ட்டு" என்றார்.

ஜோசப் வியந்துபோய் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை விஜயராஜுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. விதி யாரை விட்டது.

அன்று ஆரம்பித்த சண்டை இத்தனை வருஷமாக நடக்கிறது. பெல்ட் ஓடும் இடத்தில் அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது, வெறும் கைஜாடைதான். அங்கே அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்துப் பஸ்ஸில் கொட்டுவார்கள். பஸ் இரைச்சலுக்கு மேலே இவர்கள் இரைச்சல்.

"ஒங்க ஜெனிசிஸ்ல பாடகனே பாதியில ஓடிட்டான், டிரம்ஸ் அடிச்சவன புடிச்சிப் பாட வெச்சாங்க. அது ஒரு குழுவா?"

"டிரம்ஸ் அடிச்சிகினு இருந்தவனே பாடினா அதுக்குப் பேரு தெறமய்யா. ஒங்க ஆளுங்க கடியாரத்த அடிக்க விட்டு அத பாட்டுன்னு விக்கிறாங்க. எங்க வூட்லயும்தான் அலாரம் அடிக்குது."

பஸ்ஸில் ஃபிளாய்ட் கட்சி, ஜெனிசிஸ் கட்சி என்று இரண்டு கட்சிகளே உருவாகிவிட்டன. யாரும் எந்தப் பாட்டையும் கேட்டதில்லை. நம் ஊரில் கட்சி சேருவதற்கு அதெல்லாம் தேவையுமில்லை. டிரைவர் கண்ணையன் மட்டும் தனிக்கட்சி. ஜெத்ரோ டல் குழுவில் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் வாசிப்பார் என்று யாரோ சொல்லக் கேட்டு, "நம்ம கிருஷ்ணர் மாதிரி இருக்காரு, எனக்கு அவருதான்" என்று சேர்ந்துவிட்டார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஜெனிசிஸ் கட்சித் தலைவரான விஜயராஜும் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை. முதலில் கேட்பதற்கு டேப் ரெக்கார்டர் இல்லை. டேப் ரெக்கார்டர் வாங்கியபோது ஜோசப்பிடம் போய்க் கேசட் இரவல் கேட்க வாய் வரவில்லை, கேட்டால் குட்டு உடைந்துவிடும். பழைய பேப்பர் கடையில் இங்கிலீஷ் பத்திரிகைகளைத் தேடிப் படித்தார். பிறகு போன் வந்தது, அதிலும் படித்தார். எந்த வருஷம் யார் சேர்ந்தார், யார் பிரிந்தார் என்பதெல்லாம் அத்துப்படி. பாட்டு மட்டும் தெரியாது.

அதனால்தான் டீ தொண்டையில் நின்றது.

மறுநாளே பிரவின்குமாரைத் தேடிப் பிடித்தார். "தம்பி, எங்கிட்ட இருந்த கேசட்டயெல்லாம் கரையான் அரிச்சிடுச்சிப்பா. இந்தப் பாட்டுப் போட்டியெல்லாம் வேணாம், விட்டுடு."

பிரவின்குமாரின் முகம் வாடிப்போனது. "ஐயோ பாவம்ண்ணே. உசுரா வெச்சிருந்திருப்பீங்க. கவலப்படாதீங்க, எல்லாம் போன்லயே இருக்கு" என்றான். அன்று மாலையே செக்‌ஷன் வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்தது: 'கேசட்டுகளை இழந்த துயரத்திலும், நமது விஜயராஜ் அண்ணன் ஜெனிசிஸ் பாட்டைப் பற்றி விளக்கிப் பேச அன்புடன் இசைந்துள்ளார்.' கீழே ஆளாளுக்குக் கை கூப்பியிருந்தார்கள். ஒருவர் கரையானுக்கு மருந்து சிபாரிசு செய்திருந்தார்.

பாட்டு என்பது போய், இப்போது பேச்சும் சேர்ந்துகொண்டது.

சரி, கேட்டுத்தான் பார்த்துவிடுவோமே என்று வார விடுமுறையன்று போனை எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. போய்க்கொண்டே இருந்தது. சமையலறையிலிருந்து அவர் மனைவி மலர்விழி எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, ஸ்டெபிலைசர் ஏதாவது கெட்டுப் போச்சா? ஒரு மாதிரி சத்தம் வருது."

"பாட்டுடி. பேசாம இரு. கேட்டுகினு இருக்கேன்."

"பாட்டா? யாரும் பாடவே இல்லியே."

"பாடுவாங்க. கொஞ்சம் பொறு."

அவள் வெங்காயத்தை உரித்து, குழம்பைக் கொதிக்க வைத்து, இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது விஜயராஜ் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மறுபடி போட்டார், மறுபடி தூங்கினார். நின்றுகொண்டே கேட்டுப் பார்த்தார். கால் வலித்ததே தவிர எந்தச் சத்தம் எந்தக் குழுவுடையது என்று பிடிபடவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.

"ஏங்க, பேசாம ஜோசப் அண்ணங்கிட்டயே போயி உண்மையச் சொல்லிடுங்களேன். அவரு என்னா ஒங்களத் தூக்கிலயா போடப்போறாரு?" என்றாள் மலர்விழி.

அவள் சொன்னது சரிதான். ஆனால் ஜோசப்பை விட்டால் அவருக்கு வேறு சிநேகிதன் கிடையாது. இத்தனை வருஷச் சிநேகிதமும் ஒரு பொய்யின் மேல்தான் நிற்கிறது என்று தெரிந்தால் அந்த மனுஷன் இனி முகத்தில் விழிப்பாரா? அவர் ரிட்டயர் ஆகிப் போகிற நேரத்தில் அதுவும் போய்விட்டால் என்ன மிஞ்சும்?

ஆனாலும் போனார். ஜோசப்பின் குவார்ட்டர்ஸில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொடுத்துவிட்டுக் குறிஞ்சிப்பாடியில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போகிறார்கள். ஹாலில் அந்தப் பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. அதன்மேல் பூப்போட்ட துணி, துணியின்மேல் மாதா சொரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. இசையை இந்த மனுஷன் சாமி பீடமாகவே வைத்திருக்கிறாரே, இவரிடமா நாம் பொய் சொன்னோம் என்று விஜயராஜ் கூனிக் குறுகிப்போனார்.

ஜோசப் பின்பக்கம் குனிந்து உட்கார்ந்து ரோஜாத் தொட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்ல விஜயராஜுக்குத் தைரியமில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார்.

"ஜோசப்பு, நான் ஒண்ணு சொல்லணும்யா. நான் ஒரு பாட்டும் கேட்டதில்ல. ஜெனிசிஸும் தெரியாது, எந்த மண்ணும் தெரியாது. அன்னிக்கி ஒங்கையில இருந்த கேசட்டப் பாத்துதான் அந்தப் பேர சொன்னேன். என்ன மன்னிச்சிடுய்யா."

ஜோசப் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். இன்னொரு முடிச்சும் போட்டார். பிறகு திரும்பி, கண் கலங்கி நின்ற விஜயராஜைப் பார்த்தார்.

"என்னா மூஞ்சிய இப்பிடி வெச்சிகினு நிக்கிற? நீ எப்பவும் இப்பிடித்தான். வா, டீ குடிக்கலாம்" என்று தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

விஜயராஜுக்குச் சுருக்கென்றது. எப்பவும் இப்படித்தானா? அப்படியென்றால் இந்த மனுஷனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமா? தெரிந்துகொண்டே இத்தனை வருஷம் காட்டிக்கொடுக்காமல் இருந்தாரா? டீ குடித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

பார்ட்டியன்று செக்‌ஷன் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள், லட்டு, மிக்சர், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். மாலையும் சால்வையுமாக ஜோசப் மேடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் விஜயராஜ். கீழே முதல் வரிசையில் ஜோசப்பின் மனைவி செசிலியா.

"முதல்ல ஜெனிசிஸ்" என்று அறிவித்துவிட்டுப் பிரவின்குமார் போனைத் தட்டினான். ஸ்பீக்கர் அதிர்ந்தது. விஜயராஜ் எழுந்து மைக்கைப் பிடித்தார். ஜோசப் தனக்காக இவ்வளவு செய்திருக்கும்போது, தன் பங்குக்கு வேஷத்தையாவது ஒழுங்காகப் போட்டு முடித்துவிட வேண்டும் என்ற வெறி வந்திருந்தது அவருக்கு.

"இதான்யா ஜெனிசிஸ்" என்று கத்தினார். "அந்த டிரம்ஸக் கேளுங்க. என்னா அடி, என்னா கணக்கு. பிங்க் ஃபிளாய்டு காரன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்பிடி வாசிக்க முடியுமா?"

ஷெட் கை தட்டியது. ஜோசப் மாலையோடு துள்ளி எழுந்தார்.

"என்னாய்யா வாசிப்பு? இது தூங்குமூஞ்சிப் பாட்டு. சாவு வூட்டுல போட்டாக்கூட எழுந்து போயிடுவாங்க. எங்க பிங்க் ஃபிளாய்டு வாசிச்சான்னா பொணமே எழுந்து ஒக்காரும்யா."

"ஒக்காரும், ஒக்காரும். ஒங்க அலாரம் சத்தத்துக்கு எழுந்துதானே ஆவணும்?"

"இத பாட்டுன்னு சொல்ல ஒனக்கு வெக்கமா இல்ல?"

அப்போது பிரவின்குமார் தன் போனை உற்றுப் பார்த்தான். அவன் முகம் மாறியது. இன்னொரு மைக் அவன் கையிலிருந்ததை மறந்துவிட்டான்.

"ஐயோ, மாத்தித் தொட்டுட்டேன்ண்ணே. இது பிங்க் ஃபிளாய்டு."

ஸ்பீக்கர் இரண்டும் அதை ஊருக்கே சொல்லின. ஷெட் சிரித்தது பாருங்கள், மிக்சர் தட்டெல்லாம் கவிழ்ந்தது. "அப்ப என் ஓட்டு ஜெத்ரோ டல்லுக்கே" என்று கண்ணையன் பின்வரிசையிலிருந்து கை தூக்கினார்.

விஜயராஜுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. ஜோசப் சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்து, விஜயராஜின் தோளில் கை போட்டுக்கொண்டார். அந்தக் கைதான் விஜயராஜை அடியோடு சாய்த்துவிட்டது. எனக்காக, என் மானத்துக்காக, இத்தனை பேர் முன்னால் தன் தெய்வத்தைத் தானே திட்டிவிட்டாரே இந்த மனுஷன்!

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் லாரி நின்றது. ஜோசப் மேலே ஏறி பீரோவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கேட் அருகே செசிலியா, மாதா சொரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கண்ணே. வழியனுப்ப வந்தீங்களா?"

"இல்ல தங்கச்சி, மன்னிப்புக் கேக்க வந்தேன்." விஜயராஜ் கை கூப்பினார். "நான் ஒரு பாட்டும் கேட்டதில்லம்மா. பொய்யாவே இத்தினி வருஷமா ஒங்க வூட்டுக்காரரோட கத்திகினு இருந்திருக்கேன். அவருக்குத் தெரியும், அன்னிக்கி நானே சொன்னேன். அப்பவும் என்னக் காட்டிக் குடுக்கல. நேத்து எனக்காவ அவரு பாட்ட அவரே திட்டினாரு. அந்தப் பெரிய மனுஷங்கிட்ட இனிமே நான் சத்தம் போட்டுப் பேசவே மாட்டேன். இந்த ஜெனிசிஸ் பேச்சும் இன்னியோட சரி."

செசிலியா சட்டென்று லாரியைத் திரும்பிப் பார்த்தாள். ஜோசப் அங்கிருந்தே விஜயராஜைப் பார்த்துவிட்டு, "என்னாய்யா, தோத்த கட்சி வந்திருக்கு?" என்று உற்சாகமாகக் கத்தினார். கத்திவிட்டு, பதிலுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செசிலியா விஜயராஜின் பக்கம் இன்னும் நெருங்கி வந்தாள்.

"அப்பிடி மட்டும் செஞ்சிடாதீங்கண்ணே. அவருக்குக் காது போயி எத்தினியோ வருஷமாச்சி, வெளிய சொல்ல வெக்கப்பட்டுகினு மறச்சி வெச்சிருக்காரு. நேத்து ஓடுனது எந்தப் பாட்டுன்னுகூட அவருக்குத் தெரியாது, நீங்க எழுந்து நின்னதப் பாத்துதான் எதிர்க்கட்சி பேசுனாரு. நாங்கல்லாம் பேசுனா வாய் அசையறது மட்டுந்தான் அவருக்குத் தெரியும், நீங்க சண்டையில கத்துறது ஒண்ணுதாண்ணே அவரு காதுல விழுது."