மாமாவின் கடல்குதிரைகளை இனி என்னால் பார்த்துக்கொள்ள முடியாது

வுட்பிரிட்ஜ், டாஸ்மேனியா
ஞாயிறு இரவு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு, மருமகள் ரொவீனா எழுதுவது. நீங்களும் அத்தையும் கேரவனில் சுகமாகப் பாலைவனம் சுற்றுகிறீர்கள் என நம்புகிறேன். இங்கே குழந்தை ஃபிரேயாவும், உங்கள் மகன் லாக்லனும், நீங்கள் விட்டுப்போன கடல்குதிரைகள் இரண்டும் நலம். நலம் என்று எழுதுவதுதானே முறை, அதனால் எழுதினேன்.

கடல்குதிரையில் ஆண்தான் வயிற்றுப் பையில் பிள்ளையைச் சுமக்கும், ஒரு வேளைகூடப் பட்டினி போடாதே என்று வண்டி ஜன்னலிலிருந்து கத்தினீர்களே, நான் தவறவில்லை மாமா. நேற்று பார்பிக்யூவுக்கு ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பக்கத்து வீட்டு கிளெனிஸ் அக்கா வெறுங்கையோடு வந்து, வெட்கப்பட்டு, நம் ஃப்ரீஸரைத் திறந்து, குதிரைகளுக்கு நீங்கள் வைத்திருந்த பொடி இறால் முழுவதையும் முட்டையும் மாவும் கலந்து அடையாகச் சுட்டுவிட்டார். எல்லோரும் விரலை நக்கினார்கள். விஷயம் தெரிந்ததும் உங்கள் மகன், "அதுங்களுக்கும் நல்ல நாக்குதான்!" என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

இன்று ஞாயிறு, கடை இல்லை. சமையல் இறாலை நறுக்கிப் போட்டால் அந்தக் குழல் வாயில் நுழையவில்லை. ஆண்குதிரை வயிறு புடைத்து, முகம் வாடி, பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டு தொங்கியதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு நாள்ல செத்தா போயிடும்?" என்றார் இவர். "நான் ஃபிரேயாவைச் சுமந்தப்போ ஒரு நாள் பட்டினி போட்டுப் பார்த்திருக்க வேண்டியதுதானே?" என்றேன். எழுந்துவிட்டார்.

தொட்டில் கொசுவலையை எடுத்துக்கொண்டு படகுத்துறையில் குப்புறப் படுத்துப் பொடி இறால் அள்ளினோம். தூண்டில்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன லாக்லன், திமிங்கிலத்துக்கா வலை?"

"மாசமா இருக்கிறவருக்குச் சாப்பாடுப்பா."

"இருக்கிற*வரு*க்கா? யாருடா அது?"

"எங்கப்பா வளர்க்கிறவரு!"

வீட்டுக்கு வந்து தொட்டியில் விட்டதும் சொடக்குப் போடுவதுபோல் ஒவ்வொன்றாக உறிஞ்சித் தின்றது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் போதும் மாமா. எனக்கு ஒரு பிள்ளையே தாங்கவில்லை. ஊர் வந்த அன்றே, பெட்டியை இறக்கும் முன்னே, தொட்டியைத் தூக்கிப் போய்விடுங்கள்.

அத்தைக்கு அன்பு, உங்களுக்குப் பேத்தியின் எச்சில் முத்தம். கங்காரு குறுக்கே பாயும், இருட்டில் வண்டி ஓட்டாதீர்கள்.

பணிவுள்ள,
ரொவீனா

பி.கு.: உறையை ஒட்டும்போது தொட்டியை எட்டிப் பார்த்தேன். மாமா, பிரசவம்! குட்டிக் குட்டிக் கொக்கிகளாக வந்துகொண்டே இருக்கின்றன. இவர் ஃபிரேயாவின் குளியல் தொட்டியில் கடல்நீர் நிரப்பிக்கொண்டே, "கத்தாதே, அப்பன்காரன் மிரண்டுடுவான்" என்கிறார். அப்பன்காரனோ குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெண்டாட்டி பக்கம் போய்விட்டான். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்றையும் தரமாட்டேன். பெற்றவனே கேட்கவில்லை, தாத்தா நீங்கள் எந்த முகத்தோடு கேட்பீர்கள்?