கடைசி ஆட்டுக்குப் பின்னால்

மல்லசமுத்திரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை வெங்கடாசலத்துக்கு, உங்கள் மச்சான் பச்சமுத்து எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா செல்லாயியும் பதினோரு ஆடுகளும் சுகம். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசிவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

“நாலு வருசமா உங்க மக அப்படி என்னதான் படிக்கறா?” என்று கேட்டீர்கள் அல்லவா? கணக்கில் முடிவிலி வரிசைமாற்றம், மாப்பிள்ளை! முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் எங்களுக்குப் புரியவைப்பதற்காக அறிவுச்செல்வி நம் ஆடுகளை வரிசையாகக் கட்டினாள். எந்த இரண்டு ஆட்டை எடுத்தாலும், இரண்டிலிருந்தும் தொடங்கிப் பின்னால் வரும் நிறங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டுமாம். முதலில் வேறுபடும் இடத்தில் எந்த ஆட்டுக்குக் கறுப்பு வருகிறதோ அது சின்னது, வெள்ளை வந்தது பெரியது. இப்படி எல்லாவற்றுக்கும் சின்னது பெரியது தெரிந்தால் அதுதான் வரிசைமாற்றம்.

“கடைசி ஆட்டுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லியே சாமி?” என்றேன்.

“அதுக்குத்தாம்ப்பா வரிசைக்கு முடிவே இருக்கக் கூடாது.”

“முடிவில்லாத ஆட்டுக்குத் தழை யாரு ஒடிச்சுப் போடறது?” என்றாள் உங்கள் அக்கா. அதற்குள் வெள்ளைக் கிடா அவள் ஆய்வுப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தைத் தின்றுவிட்டது.

தேர்வன்று நாங்களும் போனோம், யார் வேண்டுமானாலும் உட்காரலாமாம். தேர்வு நடத்த வந்த பேராசிரியர் குருமூர்த்தி மூன்றாவது கேள்வி கேட்டதும் பிள்ளைக்கு நா ஒட்டிக்கொண்டது. பலகையைப் பார்க்கிறாள், எங்களைப் பார்க்கிறாள், கண்ணில் தண்ணீர். நாலு வருடமும் போச்சு என்று செல்லாயி என் கையை நசுக்க, நான் எழுந்துவிட்டேன்.

“ஏனுங்க சார், நான் ஒண்ணு கேக்கலாங்களா? ரெண்டு ஆட்டுக்கும் பின்னாடி வர்ற நெறம் கடைசி வரைக்கும் ஒரே மாதிரியே இருந்துச்சுன்னா, எதுங்க பெருசு?”

“ஆடா?” என்று பேராசிரியர் திகைத்தார். அரங்கமே சிரித்தது. அறிவும் சிரித்தாள், சிரித்ததும் வாய் திறந்துகொண்டது. “அப்படி ஒத்துப்போனா, அந்த வரிசை ஒரு எடத்துக்கு மேல வந்ததே திரும்பத் திரும்ப வருதுன்னு அர்த்தம்ப்பா. அந்த மாதிரி வரிசைய நாங்க சேத்துக்கறதே இல்ல!” அங்கே பிடித்தவள், மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லி, நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. பேராசிரியரே “அந்த ஏழாவது ஆடு...” என்று பேச ஆரம்பித்துவிட்டார். கடைசியில் எழுந்து, “முனைவர் அறிவுச்செல்வி” என்றார். நான் அழுததாக அக்கா சொன்னால் நம்ப வேண்டாம், அவளும்தான் அழுதாள்.

ஆகவே அவளைப் பேங்க் பரீட்சை எழுதச் சொல்லும் பேச்சை இனி எடுக்காதீர்கள். என் மகளைக் காப்பாற்றியது என் கணித அறிவு என்பதையும் ஊருக்குச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு என் கும்பிடு, பொடுசுகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
பச்சமுத்து

பி.கு.: இதைப் படித்த அறிவு தலையில் அடித்துக்கொண்டாள். என் கேள்வியும் அதற்குப் பதிலும் அவள் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறதாம். எனவே ஊருக்குச் சொல்ல வேண்டாம். சந்தையில் நான் சொல்லிவிட்டு வந்தது மட்டும் இருக்கட்டும்.