கிணறு அளந்த தபால்காரர்

பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது ஆண்டவனுக்குத் தெரியும். அவனுக்கு அடுத்தபடியாக, சங்ககிரியிலிருந்து மோகனூர் வரை ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எங்கள் ஊர்த் தபால்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் 'முடிச்சுத் தபால்'.

முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, அதன் நுனியில் ஒரு கல். கடிதம் கொடுக்கும் வீட்டில் கிணறு இருந்தால், கயிற்றை விட்டுத் தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் இருக்கிறது என்று பார்க்காமல் நகரமாட்டார். அன்றைக்கு ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்பதையும் பக்கத்திலேயே நோட்டில் குறித்துக்கொள்வார். பதினோரு வருஷமாக இதே வேலை. ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், கயிறும் கையுமாக ஒருவர் கிணற்றை எட்டிப் பார்ப்பதைக் கண்டு அலறுவார்கள். "வேண்டாஞ் சாமி! ஊட்ல இருக்கற புள்ளைகுட்டிய நெனச்சுப் பாருங்க!" என்று ஒருத்தி அவர் காலையே கட்டிக்கொண்டாள். அவரோ, "கால உடு அம்மணி, கயிறு ஆடுது. முடிச்சு தப்பிப் போயிரும்" என்றார்.

நானும் சிரித்தவன்தான், ஒரு கோடை வரைக்கும். அந்த வருஷம் ஏரி வற்றியது. பின்னாலேயே எங்கள் கிணறும் வற்றியது. அடியில் கிடந்த கலங்கல் தண்ணீரை அள்ள இறங்கிய என் ஒன்பது வயது மகள் படியில் வழுக்கி விழுந்தாள். கை முறிந்ததோடு போயிற்று. இன்றைக்கும் கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிடுவேன்.

அடுத்த வருஷமே, ஏரியைத் தூர்த்து உழுதுகொள்ளப் பட்டா கேட்டு மனுப் போட்டார் பண்ணாடி. ஊர் நிலத்தில் பாதி அவருடையது. "ஏரித் தண்ணி வேறங்க, கெணத்துத் தண்ணி வேறங்க. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்பது அவர் வாதம். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் எதிர்மனுவை நான் எழுதினேன். எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் முடிச்சுத் தபாலின் நோட்டு என்பதால், மனு அவர் பெயரிலேயே போயிற்று.

ஜமாபந்திக்கு வந்த சப் கலெக்டர் நோட்டைப் புரட்டினார். "ஏரி ஏறினா கிணறும் ஏறுது, இறங்கினா இறங்குது. சரி. இதெல்லாம் உட்கார்ந்த இடத்துல எழுதினதில்லைன்னு எப்படி நம்பறது?"

"எந்தக் கெணறுன்னு சொல்லுங்க எசமான். பாக்காமயே சொல்றனுங்க" என்றார் முடிச்சுத் தபால்.

பண்ணாடி முந்திக்கொண்டார். "நம்ம தோட்டத்துக் கெணத்தையே பாத்துப்போடலாமுங்க!"

"எட்டு முடிச்சுங்க. நேத்துத்தான் பாத்தனுங்க."

எல்லோரும் தோட்டத்துக்குப் போனோம். கயிறு இறங்கியது. எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றில்தான் கல் நனைந்தது. பண்ணாடி வாய்விட்டுச் சிரித்தார்.

முடிச்சுத் தபால் கிணற்றைப் பார்க்கவில்லை. கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் மாடுகளைப் பார்த்தார். அவை நுரை தள்ளி நின்றன. "ஏனுங்க பண்ணாடி, விடியறதுக்கு முன்னாலிருந்தே எறைச்சாப்பல இருக்குது? வெதைக்காத காட்டுக்கு எதுக்குங்க இத்தனை தண்ணி?"

திரும்பினோம். ஒரு புல்கூட இல்லாத வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது.

"எசமான் போய்ச் சாப்புட்டுட்டு வாங்க. கோடை மழைத் தண்ணி ஏரியில கெடக்குது. அது கெணத்துக்கு ஊத்திக் குடுத்துரும்."

சாப்பாடு முடிந்து, ஒரு சிறு தூக்கமும் முடிந்து சப் கலெக்டர் வந்தார். மாடுகள் மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவரே கயிற்றை விட்டார். எட்டாவது முடிச்சில் கல் நனைந்தது. ஊரே கூவியது.

சப் கலெக்டர் பண்ணாடியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றி. நீங்க மட்டும் எறைக்காம இருந்திருந்தா எனக்கு இது விளங்கியே இருக்காது."

ஆனாலும் உத்தரவு வரவேண்டுமே! ஒரு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு நாள் முடிச்சுத் தபாலின் பையில் சர்க்கார் முத்திரையோடு நீளமான கவர் ஒன்று தெரிந்தது. முகவரி அவருடையது. அவர் பெயருக்கு வந்த முதல் கடிதம் அதுதான்.

"பிரிங்க! எனக்கு உயிரே போகுது" என்றேன்.

"எங்க ஊடு கடைசித் தெருவுலீங்க வாத்தியாரே. முறைப்படிதானுங்க வரும்."

ஊரே அவர் பின்னால் நடந்தது. தெருத் தெருவாகக் கடிதம் கொடுத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார். ஒரு மாமியாருக்கு அவள் கேட்டுக்கொண்டபடி இரண்டு தடவை படித்தார். கடைசியில் தம் வீட்டு வாசலில் நின்று, "தபால்!" என்று கத்தினார். உள்ளே போய்ப் பையைக் கழற்றி மாட்டினார். பிறகு வீட்டுக்காரராக வெளியே வந்து கவரைப் பிரித்தார்.

ஏரி ஏரியாகவே இருக்கும். இனித் தாலுகாவில் எந்த ஏரிக்குப் பட்டா கேட்டாலும், சுற்றியுள்ள கிணறுகளை ஒரு வருஷம் அளந்து பார்த்த பிறகே முடிவு. உத்தரவு அதுதான். பையன்கள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "எறக்கி உடுங்கப்பா, நாளைக்கும் தபால் இருக்குது!" என்று அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அதற்குப் பிறகு, எந்த வெளியூருக்குப் போனாலும் அவருக்கு ஒரு கார்டு போடாமல் நான் இருந்ததில்லை. சேதி ஒன்றும் இருக்காது. அந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை முழத்தில் இருக்கிறது என்று மட்டும் எழுதுவேன்.