லிங்க் அனுப்பியிருக்கேன், பாத்தீங்களா?

மனிதர்களில் லிங்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அப்படித் தெரியாது என்றால், அவர் இந்நேரம் உங்கள் நம்பரை யாரிடமோ வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். லிங்க்காரர் ஒரு வலைப்பூ வைத்திருப்பார். வைத்திருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. ஊரில் ஆடு வைத்திருக்கிறார்கள், மாடு வைத்திருக்கிறார்கள், அதை நம் வாசலில் கொண்டுவந்து கட்டிவிட்டு ‘ஒரு தடவை பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லுங்க’ என்று யாரும் கேட்பதில்லை. லிங்க்காரர் கேட்பார். காலை ஆறரைக்கே கேட்பார். நீங்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தால், வாயைக் கொப்பளித்துவிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வார்.

எங்கள் ஆண்டிமடம் உரக்கடை கலைவாணனையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கமான மனிதர். கடனுக்கு யூரியா கொடுத்தாலும் முகம் சுளிக்காதவர். ‘முந்திரித்தோப்பு’ என்று ஒரு வலைப்பூ தொடங்கினார், அன்றோடு அந்தத் தங்கம் போயிற்று. எழுதினால் போதுமா, ஆள் வர வேண்டாமா? அதற்குத்தான் முச்சந்தி இருக்கிறது. முச்சந்தி என்பது ஒரு செய்தித் தளம். யார் வேண்டுமானாலும் எந்த லிங்க்கையும் அதில் கொண்டுபோய்ப் போடலாம். பிடித்திருந்தால் மேல் அம்பை அமுக்குவார்கள், அது பிளஸ். பிடிக்காவிட்டால் கீழ் அம்பு, அது மைனஸ். பிளஸ் சேரச் சேர லிங்க் மேலே ஏறி முதல் பக்கத்துக்கு வரும், முதல் பக்கத்தில் பார்த்தவர்கள் அதை அமுக்கி வலைப்பூவுக்கு வருவார்கள், வந்தவர்கள் உட்கார்ந்து படிப்பார்கள் என்பது ஏற்பாடு. கடைசியாகச் சொன்னது மட்டும் நடப்பதில்லை.

கலைவாணனின் ஒரு நாளைக் கொஞ்சம் பாருங்கள். பதிவு எழுத அரை மணி நேரம். மீதி நாள் முழுக்க ஓட்டு. கடைக்கு டிஏபி வாங்க வருகிறவர் முதலில் போனை நீட்ட வேண்டும். மூட்டை அப்புறம்தான் வண்டியில் ஏறும். மீன்சுருட்டி வீரமணி பாவம், பட்டன் போன்காரர், பூச்சிமருந்து கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பி, வீட்டிலிருந்து மகள் போனை எடுத்துவரச் சொல்லி, அதில் அவருக்கு முச்சந்தியில் கணக்குத் திறந்து, அவர் கட்டைவிரலைப் பிடித்தே மேல் அம்பில் வைத்து அமுக்கி அனுப்பினார். மாமியாருக்கு ஒரு கணக்கு. மாமியாருக்குத் தெரியாது. காலமான மாமனாருக்கும் ஒரு கணக்கு உண்டு, மனுஷன் உயிரோடு இருந்த காலத்தில் மருமகனைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை, இப்போது தினமும் பிளஸ் போடுகிறார்.

அப்புறம் பின்னூட்டம். ஜெயங்கொண்டத்துக்கு டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு குழுவில் யாராவது கேட்டால், நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? ‘பஸ் பயணம் பற்றிய என் பதிவு’ என்று லிங்க் விழும். பஸ் போயிருக்கும். முந்திரி விலை கேட்டால் முந்திரி லிங்க், மழை வருமா என்றால் மழை லிங்க், ஒரு பெரியவர் தவறிப்போனார் என்று குடும்பத்தார் படம் போட்டால் அதன் கீழே ‘ஆழ்ந்த இரங்கல். மரணம் குறித்து நான் முன்பே எழுதியது’ என்று அதற்கும் ஒரு லிங்க். முன்பே எழுதிவிட்டாராம். இழவு வீட்டுக்காரர்களும் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டு வைத்தார்கள், என்ன செய்வார்கள்?

ஒரு ரகசியமும் அவரிடம் உண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார். “மேட்டரை மேலயே சொல்லிட்டா எவன் கீழ வருவான்?” என்பார். ஆகவே அவர் தலைப்புகள் எல்லாம் திகிலூட்டும். ‘உரமூட்டைக்குள் இருந்தது என்ன?’ என்று தலைப்பு. உள்ளே ஆறேழு பத்தி தாண்டிப் போனால் கடைசி வரியில் தெரியும், உரம்தான் இருந்தது.

இத்தனை பிளஸ்ஸுக்கு நடுவிலும் மனிதருக்கு ஒரு நிம்மதி கிடையாது. காரணம், ஒரு மைனஸ். எந்தப் பதிவு போட்டாலும், மேலே எத்தனை பிளஸ் ஏறினாலும், தவறாமல் ஒரே ஒரு மைனஸ் வந்து விழும். பிளஸ் போட்டவர் பெயரைக் காட்டும் முச்சந்தி, மைனஸ் போட்டது யார் என்று காட்டாது. எதிர்க்கடை விதைக்காரர் மேல் சந்தேகப்பட்டார், கூரியர் கொண்டுவருகிற ஆள் மேல் சந்தேகப்பட்டார், ஒரு நாள் மாமனார் கணக்கிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சோறு இறங்கவில்லை. மனைவி மணிமொழிக்கு எரிச்சலாக வந்தது. “ஒரு மைனஸுக்கு இப்புடி சாப்புடாம கெடக்குறீங்களே, பிளஸ் போட்டதுல ஒருத்தர் உங்க பதிவுல என்ன இருந்துச்சுன்னு சொல்லட்டும் பாப்போம்” என்றார். கலைவாணன் அதைக் காதில் வாங்கவில்லை. அப்போது வாங்கியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

இப்படி இருக்கையில் மகள் கீதாஞ்சலிக்கு அரியலூரில் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர், பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம், கல்யாணத்தைத் தை மாதம் உடையார்பாளையத்தில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தை மட்டும் மீன்சுருட்டியில் ஒரு மண்டபம் பிடித்து முடித்துவிடலாம் என்று இரண்டு பக்கமும் பேசிப் பத்திரிகையும் அடித்துக் கொடுத்தாயிற்று. பங்காளி பஞ்சநாதனுக்கும் ஒன்று போனது. இந்தப் பஞ்சநாதன் கலைவாணனுக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. போர்வெல் எந்தப் பக்கம் போடுவது என்ற தகராறில் பேச்சுவார்த்தை நின்று பல வருடம் ஆகிறது. முறை விடக்கூடாது என்பதற்காகப் பத்திரிகையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் மீன்சுருட்டி மண்டபத்தில் மோட்டார் புகைந்துபோய் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஆகிவிட்டது. மண்டபக்காரர் நல்லவர், கங்கைகொண்ட சோழபுரத்தில் தன் சகலையின் மண்டபத்தை அதே நாளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். நாள் அதே நாள், நேரம் அதே நேரம், இடம்தான் வேறு. மாப்பிள்ளை வீட்டுக்கும் சமையல்காரருக்கும் மணிமொழி போன் செய்தார். நம் சொந்தக்காரர்களுக்கு யார் சொல்வது என்று புருஷனைக் கேட்டார். தானே சொல்லிவிடுவதாகக் கலைவாணன் சொன்னார்.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம். லிங்க்காரர் கூப்பிடுவாரா? பதிவு போட்டார். தலைப்பு, ‘மீன்சுருட்டி மண்டபத்தில் நடந்தது என்ன? படித்தால் கண் கலங்கும்.’ முதல் பத்தியில் சோழர்கள். இரண்டாவது பத்தியில் அவர்கள் வெட்டிய ஏரி. மூன்றாவதில் ஏரித் தண்ணீருக்கும் இன்றைய மோட்டார் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம், நான்காவதில் மோட்டார் காயில் எரிவதற்கான காரணங்கள், எல்லாம் முடிந்து கடைசி வரியில், ஆகவே நிச்சயதார்த்தம் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடைபெறும் என்று ஒரு முத்தாய்ப்பு. லிங்க்கை முச்சந்தியில் போட்டார், சொந்தக்காரர்கள் குழுவில் போட்டார், உரவியாபாரிகள் குழுவிலும் போட்டார்.

அடேயப்பா, அன்று விழுந்த ஓட்டு அவர் வாழ்நாளில் விழுந்ததில்லை. பிளஸ் பிளஸ் என்று கொட்டி, பதிவு முச்சந்தியின் முதல் பக்கத்தில், அதுவும் முதல் இடத்தில் போய் உட்கார்ந்தது. ‘அருமை அண்ணே.’ ‘கண் கலங்கிவிட்டது.’ ‘மிகச் சிறப்பு, தொடருங்கள்.’ ‘நேரம் கிடைத்தால் நம்ம பக்கமும் வந்து போங்க’ என்று தங்கள் லிங்க்கையும் செருகிவிட்டுப் போனவர்கள் வேறு. வழக்கமான மைனஸ் ஒன்றும் வந்தது. சொந்தக்காரர்களுக்குத் தகவல் போனதா என்று மணிமொழிக்கு மட்டும் மனசு ஆறவில்லை, திரும்பவும் கேட்டார். கலைவாணன் போனைத் திருப்பிக் காட்டினார். “உங்க அண்ணன் அறிவழகனே ஓட்டு போட்டிருக்காரு பாரு. தெரியாமயா போடுவாரு?” என்றார். தாய்மாமனே ஓட்டுப் போட்டுவிட்டார் என்றதும் மணிமொழியும் நிம்மதியானார். புருஷனை அவர் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை காலை கங்கைகொண்ட சோழபுரம் மண்டபத்தில் வாழைமரம் கட்டியாயிற்று, சாம்பார் கொதிக்கிறது, பந்தல் வாசலில் பன்னீர்ச் செம்போடு மணிமொழி நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கி, தட்டுகளைச் சுமந்து உள்ளே போய் உட்கார்ந்து, எதிரே பெண் வீட்டார் பக்கத்தைப் பார்த்தார்கள். காலி நாற்காலி. வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. அதில் ஒன்றில் கலைவாணன் மட்டும் உட்கார்ந்து, ‘நிச்சயதார்த்தம் நேரலை’ என்று போட்டோ ஏற்றிக்கொண்டிருந்தார். படம் எடுக்கும்போது தொந்தரவாக இருக்கிறதென்று போனில் அழைப்பு எதுவும் வராதபடி அடக்கி வைத்திருந்தார், மணிமொழியின் போன் உள்ளறையில் கைப்பைக்குள் கிடந்தது. அந்த நேரத்தில் மீன்சுருட்டியில் பூட்டிய மண்டபத்தின் முன்னால் பட்டுவேட்டியும் பட்டுப்புடவையுமாக ஒரு பெரிய கூட்டம் வெயிலில் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் அவருக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தது. நான் எங்கே இருந்தேன் என்பது இங்கே பேச்சில்லை.

பத்தரைக்கு ராகுகாலம். பத்து தாண்டியது. மாப்பிள்ளையின் பெரியப்பா குருமூர்த்தி நிதானமான மனிதர், அவரே எழுந்து வந்தார். பங்காளியும் இல்லை, தாய்மாமனும் இல்லை, யார் கையில் தட்டைக் கொடுப்பது என்று கேட்டார். “கோவிச்சுக்காதீங்க. சொந்தக்காரங்க ஒருத்தர் கூட வராத வூட்டுல என்ன சங்கதின்னு எங்க ஆளுங்க கேக்குறாங்க. இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?” என்றார்.

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். மணிமொழி பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தார். உள்ளறையில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த கீதாஞ்சலி தலையைக் குனிந்துகொண்டாள். கலைவாணன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் தெரியும் சம்மந்தி, எல்லோரும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் போனை நீட்டினார். குருமூர்த்தி அதை வாங்கவில்லை. நல்ல காரியத்தில் எதற்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்பதே அவருக்கு விளங்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு பழைய பைக் வந்து நின்றது. பஞ்சநாதன் இறங்கினார், பின்னாலிருந்து அவர் மனைவி இறங்கினார், கையில் பழத்தட்டு. நேராக உள்ளே வந்து, தம்பியின் முகத்தைப் பார்க்காமல், பெண் வீட்டார் பக்கத்து முன்வரிசையில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். பங்காளி வந்தாயிற்று, தட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று குருமூர்த்தியிடம் சொன்னார். ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாறியது. மணிமொழி அப்படியே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதார்.

தட்டு மாற்றி முடித்த கையோடு கலைவாணன் அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். பேச்சு நின்று இத்தனை வருடம் கழித்து முதலில் கேட்க வேறு விஷயம் இல்லையா? அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

“அண்ணே, இங்கதான்னு உங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?”

“கடைசி வரியில போட்டிருந்தியே.”

“முழுசாவா படிச்சீங்க?”

“முழுசா படிக்காம எப்புடிறா மைனஸ் போடுறது? ஏரிக்குள்ள போனவன் வெளியவே வரல நீ. தினமும் உன்னப் படிச்சுத் தொலைக்கிறவன் நான் ஒருத்தன்தான்.”

கலைவாணன் என்ன செய்தார் தெரியுமா? அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மீன்சுருட்டிக் கூட்டம் விஷயம் தெரிந்து, வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது பந்தி தொடங்கிவிட்டது. அறிவழகனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தாய்மாமனுக்கே இடம் மாறியதைச் சொல்லாத மனுஷனா என்று சண்டைக்கு நின்றார், முதல் ஓட்டே தன் ஓட்டுதான் என்றும் அதே மூச்சில் சொல்லிக்காட்டினார். மணிமொழி அண்ணனையும் பார்த்தார், புருஷனையும் பார்த்தார், சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

மறுநாள் திருந்தினாரா என்று கேட்பீர்கள். லிங்க்காரர் திருந்துவாரா? ‘தட்டு மாறும் நேரத்தில் வந்த பைக். யார் அவர்?’ என்று காலை ஆறரைக்கே பதிவு வந்துவிட்டது. பிளஸ் கொட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை. டீ ஆறுகிறது, கடைக்கு வந்தவர்கள் நிற்கிறார்கள், மனிதர் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மைனஸ் வந்து விழுந்தது. முகமெல்லாம் பல்லாக, “அண்ணன் படிச்சுட்டாரு” என்று மணிமொழிக்குக் குரல் கொடுத்தார்.

சரி, நீங்கள் லிங்க்காரர் இல்லை, அது எனக்கும் தெரியும். நீங்கள் யாருக்கும் எதையும் அனுப்புகிறவர் கிடையாது, இதை வாசிக்கும்போதே நாலு பேருக்கு அனுப்பலாம் என்று விரல் துறுதுறுத்தது வேறு விஷயம். இன்று காலையிலிருந்து எத்தனை பேருக்கு ‘அருமை’ போட்டீர்கள் என்றும் நான் கேட்கப்போவதில்லை. கீதாஞ்சலி கல்யாணத்துக்கு உங்களையும் அழைக்கும்படி கலைவாணன் சொல்லியிருக்கிறார், அழைத்துவிட்டேன். எந்த மாதம், எந்த ஊர் என்பதை மேலேயே ஓர் இடத்தில் சொல்லியாயிற்று, முழுதாகப் படித்தவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் மீன்சுருட்டிக்குப் போய்விடுங்கள். அங்கே நமக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் நிற்பார்கள்.