டவுங்கூவைச் சுற்றிப் போகும் வழி

வீட்டைத் தூக்கிக்கொண்டு மாண்டலே வரைக்கும் போய்வருவது என்று தங்கவேலு மேஸ்திரி முடிவு செய்தார். முடிவு செய்த பிறகுதான் மனைவியிடம் சொன்னார். அவருடைய வழக்கமே அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, தை மாதம். பர்மாவில், ரங்கூனை ஒட்டிய அலோன் ஆற்றங்கரையில் ஒரு மர மில்லில் அவர் தலைமை மேஸ்திரி. மில்லில் ஒரு கிழட்டு லாரியைக் கழித்துப்போட்டார்கள். இவர் கேட்டார். இடத்தை அடைக்காமல் போனால் சரி என்று துரை கொடுத்துவிட்டார். ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட விடாமல் அதன் முதுகில் ஒரு வீடு கட்டினார் மேஸ்திரி. தேக்குப் பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு ஜன்னல், இரண்டு கட்டில். மூலையில் தகரம் அடித்து ஓர் அடுப்பு. அடுப்புக்கு மேலே முருகன் படம். பின்பக்கம் ஏறி இறங்க மூன்று படி ஏணி. அலோனே திரண்டு வந்து பார்த்தது.

"மேஸ்திரி, வாசல்ல கோலம் எப்படிப் போடுவீங்க?" என்று பக்கத்து வீட்டுத் தைலம்மாள் கேட்டாள்.

"வண்டி நிக்கிற ஊரெல்லாம் நம்ம வாசல்தான்" என்றார் மேஸ்திரி. அன்றைக்கு அது பெருமையான பேச்சாக இருந்தது.

வழித்திட்டம் அவரே எழுதினார். பெகுவில் அண்ணன் மகன் வீடு. கூடவே படுத்திருக்கும் பெரிய புத்தர். பின்மனாவில் தங்கை வீடு. மேக்தீலாவில் பெரியப்பா மகனும் ஏரியும். கடைசியில் மாண்டலே, ராஜா இருந்த கோட்டை. பவுனம்மாளுக்கும் பதினாலு வயது மகள் ஜெயம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினார்.

"பெகுவுக்கும் பின்மனாவுக்கும் நடுவுல டவுங்கூன்னு ஒரு ஊர் வருமே" என்றாள் பவுனம்மாள், கீரையை ஆய்ந்துகொண்டே.

"வரும், போகும். நாம நிக்க மாட்டோம்."

"நிக்கணும்னு நான் சொன்னேனா?"

அவள் சொல்லவில்லை. அன்றைக்கு வரைக்கும் ஒன்பது வருஷமாக அந்த ஊர்ப் பெயரைக்கூட அவள் சொன்னதில்லை. டவுங்கூவில்தான் அவள் தம்பி கருப்பையா இருந்தான். தாயில்லாத பையனாக எட்டு வயதில் அக்காவின் வீட்டுக்கு வந்தவன். மேஸ்திரிதான் அவனை வளர்த்தார். உளி பிடிக்கவும் லாரி ஓட்டவும் கற்றுக் கொடுத்தார். அவனுக்குப் பெண்ணும் பார்த்து, நாலு பேர் முன்னால் வாக்கும் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கருப்பையா மா த்வே என்ற பர்மியப் பெண்ணோடு டவுங்கூவுக்குப் போய்விட்டான். பெண் வீட்டாருக்கு முன்னால் மேஸ்திரி தலைகுனிந்து நின்றார். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் சொன்னார்: "இனி அவன் மண்ணை நான் மிதிக்க மாட்டேன்." பவுனம்மாள் அழவில்லை. அடுப்பை மூட்டப் போய்விட்டாள்.

பெகு வரைக்கும் பயணம் ராஜபாட்டைதான். லாரி மணிக்குப் பத்து மைல் போனது. மாட்டு வண்டிக்காரர்கள் ஒதுங்கி நின்று சிரித்தார்கள். படுத்திருந்த புத்தரை அடி முதல் முடி வரை நடந்து பார்த்தார்கள். அவர் பாதம் மட்டுமே தங்கள் லாரியைவிடப் பெரிது என்று ஜெயம்மா சொன்னது மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை.

மேஸ்திரிக்கு ஒரு குறை உண்டு. பர்மாவில் இருபத்தாறு வருஷம் இருந்தும் பர்மிய பாஷை வராது. மில்லில் கூலிகள் தமிழும் தெலுங்கும் பேசினார்கள். துரையோடு அரைகுறை இங்கிலீஷ். மிச்சத்துக்குக் கை இருந்தது. பவுனம்மாள் அப்படியில்லை. ரங்கூனிலேயே பிறந்தவள். பர்மியப் பெண்களோடு சந்தையில் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போடும் அளவுக்குப் பேசுவாள். அதனால் பெகுவைத் தாண்டியதும் வழி கேட்கும் வேலை அவள் கைக்குப் போயிற்று. இது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று மேஸ்திரி அப்போது யோசிக்கவில்லை.

டவுங்கூவுக்கு ஐந்து மைல் இருக்கையில் வண்டியை நிறுத்தினார்.

"பவுனு, ஊருக்குள்ள போகாம சுத்திப் போற ரோடு இருக்கான்னு கேளு."

"நேர்ப் பாதை நல்லா இருக்கேங்க."

"ஊருக்குள்ள போனா யார் கண்ணுலயாவது படுவோம். கேளுன்னா கேளு."

மரத்தடியில் ஒரு வண்டிக்காரக் கிழவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். பவுனம்மாள் இறங்கிப்போய்க் கேட்டாள். கிழவர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவள் திரும்பி வந்தாள்.

"வலது கைப் பக்கம் போகணுமாம். அப்புறம் ஒரு மூங்கில் பாலம் வருமாம். பாலம் தாண்டினா ஆத்தங்கரையோட போற வண்டிப்பாதையாம். ஊரே கண்ணுல படாதாம். அரை நாள்ல பின்மனா ரோட்டுல கொண்டுபோய் விட்டுடுமாம்."

"அவர் ஒரு வார்த்தைதானே சொன்னாரு?"

"பர்மாக்காரங்க சுருக்கமாத்தான் பேசுவாங்க."

ஜெயம்மா ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய முதுகு குலுங்கியது. இருமல் என்று மேஸ்திரி நினைத்தார்.

மூங்கில் பாலம் வந்தது. அதைத் தாண்டியதும் ஒரு பள்ளம் வந்தது. லாரியின் முன்பக்கம் 'டங்'கென்று ஒரு சத்தம் போட்டு, இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டே நடந்தது. இன்னும் கால் மைல். பெரிய மாமரம் ஒன்று, அதன் கீழே ஒரு பட்டறை, பட்டறைக்குப் பின்னால் மரக்கால்கள் மேல் நிற்கும் மர வீடு. அதோடு பாதை முடிந்தது. அதற்கு மேல் ஆறுதான்.

ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடி வந்தது. கன்னத்தில் சந்தனம் போலத் தனகா பூசியிருந்தது. கண்ணும் மூக்கும் அச்சு அசலாகப் பவுனம்மாள்.

"அத்தை! நேத்தே வருவோம்னு எழுதியிருந்தீங்களே! நேத்தெல்லாம் நான் இங்கயே நின்னேன்!"

மேஸ்திரி மெல்லத் திரும்பினார். பவுனம்மாள் முந்தானையைச் சரி செய்தாள்.

"எழுதினது யாரு?"

"ஜெயம்மா கையெழுத்து நல்லாருக்கும்ங்க" என்றாள் அவள்.

"நான் இறங்க மாட்டேன்" என்றார் மேஸ்திரி.

"யாரு இறங்கச் சொன்னா? நீங்களா கேட்ட ரோடு. நீங்களா ஓட்டுன வண்டி. உங்க வீட்டுலயே இருங்க."

அவள் இறங்கினாள். கருப்பையா பட்டறை வாசலில் நின்றான். முப்பது வயதுக்கு முன்பே காதோரம் நரைத்திருந்தது. அக்காவும் தம்பியும் கிட்டே வந்தார்கள். அவள் அவன் தலையில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி பலகைக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகும் இடுக்கு இருந்தது. நேர்த்தியான தச்சர்தான், ஆனாலும் இடுக்கு இருந்தது.

அவர் வண்டியிலேயே இருந்தார். அன்றும் இருந்தார், மறுநாளும் இருந்தார். காலைக்கடனுக்கு மட்டும், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, முன்பக்கமாக இறங்கிப் பாலம் வரைக்கும் நடந்துபோனார். பாலம் சர்க்காருடையது, கருப்பையாவுடையது இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாலம் வரைக்கும் மிதித்த மண் யாருடையது என்பதை யோசிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை ஏணியில் சத்தம் கேட்டது. மா த்வே நின்றாள். ஒல்லியான பெண். லுங்கியை இறுக்கிச் செருகியிருந்தாள். கையில் மீனும் வாழைத்தண்டும் அரிசி நூடுல்ஸும் இருந்தன.

"அண்ணே, அடுப்பு... கொஞ்சம்?" என்றாள், ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்து.

வீடு தேடி வந்தவளைத் துரத்த அவருக்குத் தெரியாது. கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். அவருடைய அடுப்பில், அவருடைய சட்டியில், அவள் மொஹிங்கா என்ற பர்மிய மீன் குழம்பைக் காய்ச்சினாள். குழம்பை நூடுல்ஸ் மேல் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள்.

பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள். "சாப்பிடுங்க. நம்ம வீட்டுச் சாப்பாடுதானே."

சாப்பிட்டார். இரண்டாவது கிண்ணம் அவராகக் கேட்கவில்லை, அது வந்தது. மூன்றாவதும் அப்படியே.

பிற்பகலில் கருப்பையா ஏணிக்குக் கீழே வந்து நின்றான். மேலே ஏறவில்லை.

"மச்சான்."

மேஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மச்சான், பட்டை போச்சு."

மேஸ்திரி சட்டென்று நெற்றியைத் தடவிப் பார்த்தார். காலையில் பூசிய விபூதிப் பட்டை பத்திரமாக இருந்தது.

"லாரிப் பட்டை, மச்சான். முன் ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை ஒடிஞ்சிருக்கு. இதோட மலைப்பக்கம் ஏறினீங்கன்னா வீடு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்தான்."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னு தெரியும். ஜாக்கி வச்சுத் தூக்கணும். உள்ள ஆள் இருந்தா தூக்க முடியாது."

மேஸ்திரி இடது பக்கமாகச் சாய்ந்திருந்த தரையைப் பார்த்தார். மகளும் மனைவியும் இதில் ஏறித்தான் ஊர் திரும்பவேண்டும். ஒன்பது வருஷத்துக் கோபத்தை எடைபோட அவருக்கு வேறு தராசு கிடைக்கவில்லை. கதவு திறந்தது. மூன்று படி. மூன்றாவது படியில் ஒரு கணம் நின்றார். பிறகு கால் வைத்தார். சாதாரண மண்தான். ஆற்று மணல் கலந்தது.

கருப்பையா வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தான். மேஸ்திரி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பதினைந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்.

"ஸ்பானரை அப்படியா பிடிப்பாங்க?"

"நீங்கதானே இப்படிப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தீங்க."

உண்மைதான். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் அடியில் நுழைந்தார். அங்கே இருட்டில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இடத்தில், கருப்பையா சொன்னான்: "உங்களைத் தலைகுனிய வச்சுட்டேன் மச்சான். நேர்ல சொல்லிட்டுப் போயிருக்கணும். பயந்துட்டேன்."

"சொல்லியிருந்தா வெட்டிப் போட்டிருப்பேன்."

"அதான் பயந்தேன்."

"வெட்டியிருக்க மாட்டேன்டா" என்றார் மேஸ்திரி. "நட்டை இறுக்கு."

குழந்தை மணலில் படுத்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தது.

"உம் பேரு என்ன?" என்று மேஸ்திரி கேட்டார். கேள்வி அவரை மீறி வந்துவிட்டது.

"தங்கம். மாமா பேர்ல பாதிய எனக்கு வச்சிருக்குன்னு அப்பா சொன்னாங்க."

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் இருந்த கிரீஸ் முகமெல்லாம் அப்பிக்கொண்டது. வெளியே வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கவேண்டியதாயிற்று.

புதுப் பட்டை அடித்து மாட்ட மேலும் மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அவர் மர வீட்டுக்குள்தான் சாப்பிட்டார், பாயில்தான் தூங்கினார். வீட்டுக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று இழைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் மாலை பவுனம்மாளை ஆற்றங்கரைக்குத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. நீ பண்ணினது எனக்குத் தெரியாம இல்லை. போனாப் போகுதுன்னு மன்னிச்சேன். மன்னிச்சது நான். என் இஷ்டத்துக்கு மன்னிச்சேன். புரியுதா?"

"புரியுதுங்க."

"நாளைக்கு விடிஞ்சதும் கிளம்புறோம். என் திட்டப்படி. நேரா பின்மனா, மேக்தீலா, மாண்டலே. வேற எந்த வழியும் கிடையாது. வேற யார் பேச்சும் கிடையாது."

"சரிங்க. உங்க திட்டப்படியே."

இவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னதில் அவருக்கு ஒரு திருப்தி. ஆற்றைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். தான்தான் வீட்டுக்குத் தலைவன் என்பதில் அன்றைக்கு அவருக்குச் சந்தேகமே இல்லை.

விடிந்தது. முகம் கழுவி, விபூதி பூசி, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியிடம் வந்தார். ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கட்டிலில் பவுனம்மாளும் ஜெயம்மாவும். இன்னொன்றில் மா த்வேயும் தங்கமும், அவர்கள் காலடியில் ஒரு மூட்டை, இரண்டு கூடை, கால் கட்டிய ஒரு சேவல். கீழே பாயை விரித்துக் கருப்பையா கால் நீட்டிப் படுத்திருந்தான். மா த்வேயின் அம்மா வீடு மாண்டலேயில் இருக்கிறதாம்; குழந்தை பாட்டி முகத்தைப் பார்த்ததே இல்லையாம்; நல்ல காரியம் என்று பவுனம்மாள் விளக்கினாள்.

மேஸ்திரி அந்தக் கட்டிலைப் பார்த்தார், இந்தக் கட்டிலைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"ஏன் பவுனு, நான் எங்கடி படுக்கிறது?"

"நீங்கதானேங்க வண்டி ஓட்டுறீங்க?" என்றாள் பவுனம்மாள் ஆச்சரியத்தோடு. "உங்களுக்கு எதுக்குக் கட்டில்?"