குமரனுக்குக் கல்யாணம் ஆகவில்லை

வண்டிப்பெரியார்,
ஆகஸ்டு 1974,
ஞாயிறு மாலை.

‘செவ்வந்தி’ மாத நாவல் ஆசிரியர் ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு,

தங்கள் நீண்டநாள் எழுத்தாளர் மதுரமோகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் என் கோழிகளும் மழையில் நனைந்தபடி நலம். அங்கே தாங்களும், தங்கள் இல்லத்தரசியாரும், அடிக்கடி மக்கர் பண்ணுவதாகத் தாங்கள் எழுதும் அச்சு இயந்திரமும் பூரண சுகத்தோடு இருக்க மன்றாடுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. ‘இரவு விடுதியில் இரு பறவைகள்’ நாவலின் நடை பிரமாதம், பம்பாய் கண்முன்னால் வந்து நிற்கிறது, ஆனால் நைட் கிளப்பில் ஆடுகிற ஸ்டீபனும் குமரனும் ஒருவரையொருவர் காதலிப்பதை வாசகர்கள் ஒப்ப மாட்டார்கள், ஆகவே இருவரில் யாராவது ஒருவரைப் பெண்ணாக்கி உடனே அனுப்பவும், யாரை என்பது தங்கள் விருப்பம் என்று எழுதியிருந்தீர்கள். ‘ஓர் ஆண்மகனாகிய தங்களுக்கு இப்படியொரு கற்பனை எப்படித் தோன்றியது?’ என்றும் கேட்டிருந்தீர்கள். முதலாவது, நான் ஆண்மகன் அல்ல. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு நடத்தி ஓய்வுபெற்ற இன்பமேரி டீச்சர். தாங்கள் எப்போதோ கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். இரண்டாவது, இது கற்பனையும் அல்ல. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய தாளை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பம்பாயைக் கண்டதில்லை. என் நாவல்களில் வரும் நைட் கிளப் எல்லாம் பவுல்ராஜ் கொடுத்தது. பவுல்ராஜ் இங்கே துரைமார் கிளப்பில் பட்லர், கோயில் பாடகர் குழுவில் எனக்குப் பின்வரிசை. வாலிபத்தில் பம்பாய் போய், ‘சில்வர் மூன்’ என்ற கிளப்பில், முன்னால் ஆடுகிற பெண்மணிக்குப் பின்னால் இறகு கட்டிக்கொண்டு ஆடிய இருவரில் ஒருவன். மற்றவன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, காளிச்சாமி. ஞாயிற்றுக்கிழமைதோறும் பவுல்ராஜ் துரைமார் தின்று மிஞ்சின கேக்கோடு என் வீட்டுக்கு வருவான், நான் தேநீர் போடுவேன், அவன் கதை சொல்லுவான். நான் கேட்டதெல்லாம் முன்னால் ஆடிய பெண்ணைப் பற்றி. அவன் சொன்னதெல்லாம் பக்கத்தில் ஆடியவனைப் பற்றி. காளி எப்படி மல்லிகைப்பூ வாசத்துக்குத் தும்முவான், மேடை மெழுகுவர்த்தியில் பவுல்ராஜின் இறகு தீப்பிடித்தபோது காளி எப்படி ஆட்டத்தை நிறுத்தாமலே கையால் தட்டி அணைத்தான், சனங்கள் அதையும் ஆட்டம் என்று நினைத்து எப்படிக் கைதட்டினார்கள். அப்புறம் கிளப்பை மூடிவிட்டார்களாம். இரண்டு பேரும் சேர்ந்து ஊர்ப்பக்கம் வந்து ஒரு தேநீர்க்கடை போடலாம் என்று பேசிவைத்திருந்த நேரத்தில், ‘கல்யாணம் நிச்சயம், உடனே வா’ என்று காளிச்சாமி வீட்டிலிருந்து தந்தி. “ஸ்டேஷனுக்கு வாறேன்னு சொன்னான் டீச்சர். வரல. இப்பம் பொண்டாட்டி பிள்ளைகளோட சொகமா இருப்பான், இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பவுல்ராஜ் மடியில் இல்லாத கேக் துணுக்குகளைத் தட்டுவான். அதை அப்படியே எழுதி, குமரனுக்கு அத்தை மகளைக் கட்டிவைத்து, ஸ்டீபனைக் கடைசிப் பக்கத்தில் தனியாக மழையில் நிற்க வைத்து தங்களுக்கு அனுப்பினேன்.

தங்கள் உத்தரவுப்படி முதலில் ஸ்டீபனை ஸ்டெல்லா ஆக்கினேன். ஐயா, அது ஆளை மாற்றுவதோடு நிற்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் இருவரும் பம்பாய் தாதரில் ஒரே அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஸ்டெல்லா அப்படித் தங்கினால் பங்குச்சாமியார் திருவிருந்தில் அப்பம் தராமல் என்னைத் தாண்டிப் போய்விடுவார். சரியென்று மூன்றாம் அத்தியாயத்திலேயே கல்யாணம் பண்ணிவைத்தேன். கல்யாணம் ஆனபிறகு பதினைந்து அத்தியாயத்துக்கு அவர்கள் எதற்காக ஏங்குவது? சமையல் பண்ணிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். காய்ச்சலில் படுத்த ஸ்டீபனுக்குக் குமரன் முகச்சவரம் செய்துவிடுகிற இடத்தைத் தாங்களே ‘உருக்கம்’ என்று ஓரத்தில் குறித்திருந்தீர்கள். அதில் ஸ்டெல்லா கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தாள். பவுல்ராஜிடம் வாசித்துக் காட்டினேன். மரியாதையாகக் கடைசிவரை கேட்டான். “யாரு டீச்சர் இந்தப் பொம்பள? குமரன் இவள எதுக்குக் கட்டினான்? எனக்கு இவளக் கண்டாலே ஆகல” என்றான். அன்று கேக் கூடச் சாப்பிடவில்லை. சரி, ஸ்டெல்லாவை மறுபடி ஸ்டீபன் ஆக்கிவிட்டுக் குமரனைக் குமாரி ஆக்கப்போனேன். அதற்குள் தாளெல்லாம் அடித்தலும் திருத்தலுமாக, எந்த வரியில் யார் ஆண், யார் பெண் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. சுத்தமாகப் பழையபடி ஒருமுறை தட்டச்சு செய்து எடுத்தால்தான் மேற்கொண்டு எதையும் மாற்ற முடியும் என்று தாள்கட்டைக் கம்பம்மெட்டுக்கு அனுப்பினேன். அங்கே அன்னமேரி என்று ஒரு பெண் தட்டச்சு மெஷின் வைத்திருக்கிறாள். கை சுத்தம். ஆனால் அடிக்கிற ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடிப்பாள். அவள் அறைக்குப் பக்கத்தில் ஏலக்காய்க் கடை. நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு.

போன ஞாயிறு மத்தியானம் என் கதவைத் தட்டினார்கள். திறந்தால் நரை விழுந்த, ஒல்லியான ஒரு மனிதர். கக்கத்தில் குடை, கையில் என் தட்டச்சுத் தாள், உடம்பெல்லாம் ஏலக்காய் வாசம்.

“ஏனுங்க, மதுரமோகன்ங்கறவரு ஊடு இதுதானுங்களா?”

“நான்தான்” என்றேன்.

“நீங்க பொம்பளயாச்சேங்க!”

“அதனாலென்ன, உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “உங்க கதையில ஒரு அக்கிரமம் நடந்திருக்குதுங்க. அந்தக் குமரனுக்கு அத்த புள்ளயோட கண்ணாலம்னு எழுதிப்போட்டிருக்கறீங்க. எப்பங்க நடந்துது அது? யாருங்க பாத்தா? நீங்க வந்து சாப்புட்டீங்களா?” என்று குடையைத் தரையில் தட்டினார். கதைதானே, ஏன் கோபப்படுகிறீர்கள் என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள், “அந்த எறகு தீப்புடிச்சது, என்ற கையில இன்னும் தழும்பு இருக்குதுங்க” என்று உள்ளங்கையை நீட்டினார். நான் மூன்றாம் வகுப்பு நடத்தினவள்தான், ஆனாலும் என் நாவலின் கதாநாயகன் நேரில் வந்து முறையிட்டால் என்ன செய்வதென்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

பவுல்ராஜ் வருகிற நேரம். இவர் எழுந்து போய்விடக்கூடாதே என்று காப்பி போட்டேன், அது ஆறுவதற்குள் தேநீர் போட்டேன், அதையும் குடித்துவிட்டுக் குடையை எடுத்தார், முட்டை அவிக்கிறேன் என்றேன். “எனக்கு முட்டை வேண்டாமுங்க, கண்ணாலத்த மட்டும் எடுத்துப்போடுங்க” என்று அவர் எழுந்தபோது, பவுல்ராஜ் கேக் பொட்டலத்தோடு வாசலில் நின்றான்.

இதே இடத்தை நாவலில் எழுதியிருந்தால் கண்ணீரும் தழுவலுமாக இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். அங்கே நடந்தது வேறு.

“ஏலே, ஏன் வரல நீ?” என்றான் பவுல்ராஜ்.

“நானா வரல? தாதர் ஸ்டேஷன்ல காலையில இருந்து நின்னனே!”

“தாதரா? விக்டோரியா டெர்மினஸ், வி.டி.ன்னுல்லா சொன்னேன்!”

“நீ வி.டி.ன்னு சொல்லல. ‘ஸ்டேஷன்’னு மட்டும் சொன்னே. தாதர்ல ரயிலு நின்னுது. ஒவ்வொரு பொட்டியா எட்டிப் பாத்தேன். உன்னயக் காணமே!”

“மொகத்த துண்டால மூடிக்கிட்டு அழுதுட்டு இருந்தேன். எப்படித் தெரிவேன்?”

“அது என்ற துண்டு” என்றார் காளிச்சாமி. “நானும் ஊடு பூராத் தேடினேன்.”

அதோடு துண்டுக்குச் சண்டை. துண்டிலிருந்து இறகுக்கு. தீப்பிடித்த அன்று யார் முதலில் வலப்பக்கம் திரும்பியது என்று. “நீதான் தப்பாத் திரும்புன.” “நானா? இப்பப் பாரு” என்று இருவரும் என் முன்னறையில் ஆடிக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். ஐயா, முன்னறை நாலு எட்டுதான். முதல் சுற்றில் என் நாற்காலி போயிற்று, இரண்டாவது சுற்றில் அடைகாத்திருந்த கோழி கூடையோடு கவிழ்ந்து கத்திக்கொண்டு பறந்தது. ஆனால் அவர்கள் நிற்கவில்லை. இருவர் கையும் காலும் ஒருசேர எழும்பி ஒருசேர இறங்கின. வயது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இத்தனை நாவலில் எத்தனை ஆட்டம் எழுதியிருக்கிறேன், ஒன்றைக்கூட நான் கண்டு எழுதவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த வீட்டு மதலேனம்மாள் சன்னலில் தலையை நீட்டி, “டீச்சரக்கா, யாரு இவுக? கல்யாண வீட்டுக்கெல்லாம் வருவாகளா?” என்று கேட்டாள்.

கல்யாணம் என்ற சொல்லில் ஆட்டம் நின்றது. பவுல்ராஜ் மூச்சு வாங்கியபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, “ஒனக்குப் பிள்ளைக எத்தன?” என்றான்.

“எனக்கெங்க கண்ணாலம் ஆச்சு? பந்தல் போட்டாங்க. அன்னிக்கே ஓடியாந்துட்டேன்.”

“எங்க?”

“உன்ற ஊருக்குத்தான். கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துபோட்டேன். இங்க வர்ற குமுளி பஸ்ஸுல ஏறக் காலு வரல. பக்கத்துல கம்பம்மெட்டு பஸ்ஸு நின்னுது, அதுல ஏறிட்டேன்.”

“ஏன்?”

“நீ திட்டுவியேன்னு.”

“திட்டத்தான செஞ்சிருப்பேன்” என்றான் பவுல்ராஜ். “தின்னுட்டுப் போயிருவனா ஒன்ன?”

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. கோழியைத் தேடுகிற சாக்கில் கொல்லைப்புறம் போய்விட்டேன். கோழி என் காலடியிலேயேதான் நின்றது, இருந்தாலும் வெகுநேரம் தேடினேன். திரும்பி வந்தபோது கேக்கை இரண்டாகப் பிட்டு இருவரும் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு வைக்கவில்லை.

இந்த ஒரு வாரத்தில் காளிச்சாமி கம்பம்மெட்டு வேலையை விட்டுவிட்டு டிரங்குப் பெட்டியோடு வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை கைமாறுவதாகக் கேள்வி, அதைப் பேசி முடித்தாயிற்று. பவுல்ராஜ் கிளப்பில் நோட்டீஸ் கொடுத்துவிட்டான். “ரெண்டு பேரும் கூடப்பிறந்தவுகளா அக்கா?” என்றாள் மதலேனம்மாள். இல்லை, அதற்கும் மேலே என்றேன். “அதான் பாத்தாலே தெரியுதே. ஒருத்தர் வெங்காயம் உரிச்சா இன்னொருத்தர் கண்ணு தொடைக்காரு” என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனாள். கொழிஞ்சாம்பாறைக்காரர் கருவாடு தொடமாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. பவுல்ராஜ் இரட்டிப்பாகச் சாப்பிட்டான்.

ஆகையால் ஆசிரியர் ஐயா, வாசகர்கள் ஒப்புவார்களா என்ற தங்கள் கேள்விக்கு என் பதில், வண்டிப்பெரியாரில் ஒரு சன்னல்வரைக்கும் ஒப்பியாயிற்று. என் நாவலில் பொய்யாக இருந்த ஒரே இடம் குமரனின் கல்யாணம். அதை எடுத்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தை இந்த வாரம் புதிதாக எழுதி முடித்தேன், இருவரும் சேருகிறார்கள். ஸ்டீபன் ஸ்டீபன்தான், குமரன் குமரன்தான். இனி அதில் ஒரு கால், ஒரு கொம்பு, ஓர் ஒற்றைப் புள்ளியைக்கூடத் தாங்களோ வேறு யாருமோ மாற்றச் சம்மதியேன். மாற்றுவதென்றால் நாவலைத் திருப்பி அனுப்பிவிடவும், கோழிக்கூண்டுக்கு விரித்தாலும் விரிப்பேன்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும், அச்சுக் கோர்ப்பவர்களுக்கும், தபால் கொண்டுவரும் புண்ணியவானுக்கும் என் ஆசீர்வாதங்களும் அன்பும். மழை குறைந்ததும் இந்தப் பக்கம் வந்தால் நல்ல தேநீர் கிடைக்கும் கடை ஒன்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
இன்பமேரி
(மதுரமோகன்)

பி.கு.: மேலே ‘மாற்றச் சம்மதியேன்’ என்று எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிட்டதாகக் கொள்ளவும். கவரை ஒட்டுமுன் நாவல் தாள்கட்டை எடுக்கப்போனால் கட்டைக் காணோம். இரண்டு பேரும் கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய் ஐந்து அத்தியாயத்தை மாற்றி எழுதிவிட்டார்கள். இருவரில் யார் நன்றாக ஆடினார் என்பதற்கு மட்டும் ஓர் அத்தியாயம் முழுவதும் போகிறது, முடிவும் தெரியவில்லை. கடைசியில் இருவரையும் சேர்த்துவைக்க ஒரு நல்ல டீச்சரை நான் கொண்டுவந்திருந்தேன், அந்த அம்மாளை வெட்டிவிட்டார்கள். “அவுக எதுக்கு டீச்சர், சும்மா குறுக்க?” என்கிறான் பவுல்ராஜ். கோபத்தோடுதான் வாசிக்க உட்கார்ந்தேன். வாசித்து முடித்தேன். அவள் இல்லாமலே நன்றாக இருக்கிறது. அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.